முதலாளிக்குப் போன கோப்பைகள்

ஆப்பிரிக்கக் கால்பந்தை ஓரளவு தெரிந்தவர்களிடம் டி.பி. மசெம்பே என்று சொல்லிப் பாருங்கள். “கடும்பியின் அணிதானே? செம்புச் சுரங்கப் பணம்” என்று உடனே பதில் வரும். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். காங்கோ ஜனநாயகக் குடியரசின் தென்கோடியில், லுபும்பாஷி நகரத்தில் இருக்கும் அந்தக் கழகம் ஆப்பிரிக்காவின் சாம்பியன் பட்டத்தை ஐந்து முறை வென்றிருக்கிறது. கோப்பை வென்றோர் கோப்பை ஒருமுறை, கான்ஃபெடரேஷன் கோப்பை இருமுறை, சூப்பர் கோப்பை மூன்று முறை. மொத்தம் பதினொரு கண்டக் கோப்பைகள். அந்தப் பதினொன்றையும் ஒரே மனிதரின் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம்.

இப்படிச் சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். அவர்கள் காட்டும் சான்றுகள் பெரும்பாலும் சரியானவையே. மொய்ஸ் கடும்பி 1997 முதல் கழகத்தின் தலைவர். சுரங்கங்களுக்கு வேலை செய்துகொடுக்கும் நிறுவனம் நடத்திப் பணம் சேர்த்தவர். 2007 முதல் 2015 வரை, லுபும்பாஷி இருக்கும் கடாங்கா மாகாணத்தின் ஆளுநராகவும் இருந்தார். கமலோண்டோ பகுதியில் 2011இல் கழகத்துக்கென்று சொந்த மைதானம் எழுந்தது அவர் காலத்தில்தான். ஆப்பிரிக்காவின் பெரும்பாலான அணிகள் தர முடியாத சம்பளத்தை அவர் தந்தார். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. இவற்றிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன். பணம் இருந்தது, கோப்பையும் வந்தது, ஆகவே பணம்தான் கோப்பையை வென்றது என்கிறார்கள். நடுவில் இருக்கும் “ஆகவே”யை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை.

முதலில் தேதிகளைப் பார்ப்போம். மசெம்பேயின் முதல் ஆப்பிரிக்கப் பட்டம் 1967இல் வந்தது. அப்போது கடும்பிக்கு வயது ஏறத்தாழ மூன்று.

அன்று கழகத்தின் பெயர் டி.பி. எங்கில்பெர்ட். 1967 இறுதியில் எதிரணி கானாவின் அசாந்தே கோட்டோகோ. முதல் ஆட்டம் 1-1, மறு ஆட்டம் 2-2. மூன்றாவது ஆட்டம் ஒன்றைக் கமரூனில் வைக்க முடிவானது. கானா தரப்பில் தகவல் ஒழுங்காகப் போய்ச் சேராததால் கோட்டோகோ வரவேயில்லை. கோப்பை எங்கில்பெர்ட்டுக்குப் போனது. இதைப் பெருமையான வெற்றி என்று யாரும் மார்தட்ட முடியாது, நானும் தட்டப்போவதில்லை. ஆனால் அடுத்த ஆண்டு அதே அணி டோகோவின் எத்துவால் ஃபிலாந்தை முதல் ஆட்டத்தில் 5-0 என்று அடித்து, மறு ஆட்டத்தில் 1-4 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. 1969இலும் இறுதிக்குப் போய் எகிப்தின் இஸ்மாய்லியிடம் தோற்றது. 1970இலும் போனது. அங்கே மறுபடியும் கோட்டோகோ காத்திருந்து பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டது. தொடர்ந்து நான்கு ஆண்டுகள் நான்கு இறுதி ஆட்டங்கள். பட்டத்தை அடுத்தடுத்து இருமுறை வெல்ல இன்னொரு ஆப்பிரிக்க அணிக்கு 2004 வரை ஆயிற்று. நைஜீரியாவின் என்யிம்பா அதைச் செய்தபோது எங்கில்பெர்ட்டின் சாதனைக்கு வயது முப்பத்தாறு.

அந்த அணியில் பியேர் கலாலா என்று ஒரு முன்கள ஆட்டக்காரர். 1968 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் கானாவுக்கு எதிராகக் காங்கோ அடித்த ஒரே கோல் அவருடையது. நாடு முதன்முறையாக ஆப்பிரிக்காவின் சாம்பியன் ஆனது அந்தக் கோலால்தான். அதே ஆண்டில் கழகத்துக்கும் கோப்பை, நாட்டுக்கும் கோப்பை. கலாலாவின் பெயரை இன்று எத்தனை பேர் சொல்கிறார்கள்? கடும்பியின் பெயர் தெரியாதவர்கள்தான் குறைவு.

தேதிகளைக் காட்டியதும் எதிர்வாதம் கொஞ்சம் நகர்ந்துகொள்ளும். “சரி, அது வேறு காலம். அதற்கும் யாரோ பின்னால் இருந்தார்கள்” என்பார்கள். 1939இல் கழகத்தைத் தொடங்கியவர்கள் பெனடிக்ட் சபைத் துறவிகள். அன்று எலிசபெத்வில் என்று அழைக்கப்பட்ட லுபும்பாஷியில், தாங்கள் நடத்திய கல்விநிலையத்து மாணவர்களுக்காகத் தொடங்கினார்கள். முதலில் புனித ஜார்ஜின் பெயர், பிறகு புனித பவுலின் பெயர். அதன்பின் எங்கில்பெர்ட் என்ற பெல்ஜிய டயர் நிறுவனத்தின் பெயர். ஆக, துறவிகள் பெற்றார்கள், டயர்க் கம்பெனி வளர்த்தது, கடைசியில் கோடீசுவரர் சீர் செய்தார் என்று கதை நீள்கிறது. இந்தக் கதையில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முதலாளி உண்டு. பந்தை உதைத்தவர் எந்தக் கட்டத்திலும் இல்லை.

காலனிக் காலத்துக் கடாங்காவில் கால்பந்து எதற்கு ஊக்குவிக்கப்பட்டது என்று பார்த்தால் இந்தக் கதையின் பொருத்தமின்மை புரியும். செம்புச் சுரங்கத்துக்கும் உருக்காலைக்கும் ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்து, வரிசை வீடுகளில் குடிவைத்து வேலை வாங்கிய ஊர் அது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொழிலாளர்கள் சாராயத்துக்கோ சங்கத்துக்கோ போய்விடக் கூடாதென்று மிஷனும் கம்பெனியும் கவலைப்பட்டன. பந்து அந்தக் கவலைக்கான மருந்து. வெள்ளையர் தங்களுக்குள் தனியாக ஆடினார்கள், கறுப்பர்கள் தனியாக ஆடினார்கள். கொடுத்தவர்கள் நினைத்தது ஒன்று, வாங்கிக்கொண்டவர்கள் செய்தது வேறொன்று. கட்டுப்படுத்தி வைக்கக் கொடுத்த பந்தை அந்த ஊர் தன் மானப் பிரச்சினையாக ஆக்கிக்கொண்டது. பெல்ஜியர்கள் அதிகாரத்தை விட்டுப்போன ஏழாவது ஆண்டிலேயே ஆப்பிரிக்காவின் முதல் அணியாக நின்றது. அதிலும் 1967 என்ற ஆண்டைக் கவனிக்க வேண்டும். கடாங்காவின் செம்பை அறுபது ஆண்டுகள் தோண்டிய யூனியன் மினியேர் கம்பெனியைக் காங்கோ அரசு எடுத்துக்கொண்டது அந்த ஆண்டு பிறந்தபோதுதான். எலிசபெத்வில் என்ற பெயர் போய் லுபும்பாஷி வந்து அப்போது ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. கடாங்காவின் பிரிவினைப் போர் முடிந்து நான்கே ஆண்டுகள். கூலிப்படைகளின் கலகம் நாட்டின் கிழக்கில் அந்த வருடத்தின் இரண்டாம் பாதியில் நடந்துகொண்டிருந்தது. இப்படி ஒரு நேரத்தில் வந்த கோப்பையை டயர்க் கம்பெனியின் கணக்கில் வரவு வைப்பதற்குக் கணிசமான துணிச்சல் வேண்டும்.

மொபுட்டுவின் பெயரை இழுப்பவர்களும் உண்டு. சர்வாதிகாரி கால்பந்தைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது உண்மை. ஆனால் அவர் கண் தேசிய அணிமேல் இருந்தது, தலைநகர்மேல் இருந்தது. கின்ஷாசாவிலிருந்து லுபும்பாஷி ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். பிரிந்துபோகப் பார்த்த மாகாணத்தின் தலைநகர் என்ற சந்தேகம் அந்த ஊர்மீது எப்போதும் இருந்தது.

தேசிய அணி என்றதும் 1974 உலகக் கோப்பையைச் சொல்லாமல் கடக்க முடியாது. பிரேசிலுக்கு ஃபிரீ கிக். நடுவர் ஊதினார். ஜயர் (காங்கோவின் அன்றைய பெயர்) அணியின் தடுப்புச் சுவரிலிருந்து ஒருவர் ஓடிவந்து பந்தைத் தூர உதைத்தார். அவர் பெயர் ம்வெப்பு இலுங்கா, மசெம்பேயின் தற்காப்பு ஆட்டக்காரர். ஆப்பிரிக்கர்களுக்கு ஆட்ட விதியே தெரியாது என்பதற்கு அந்தக் காட்சியை ஐரோப்பியத் தொலைக்காட்சிகள் பல பத்தாண்டுகள் போட்டுச் சிரித்தன. இலுங்கா ஆப்பிரிக்கக் கோப்பைகளில் வருடக்கணக்கில் ஆடிவந்தவர். அவருக்கு ஃபிரீ கிக் என்றால் என்னவென்று தெரியாதாம். தெரிந்தேதான் உதைத்தேன் என்று பின்னாளில் அவரே சொன்னார். தரவேண்டிய பணம் தரப்படவில்லை, யுகோஸ்லாவியாவிடம் 0-9 என்று தோற்ற பிறகு மேலிடத்திலிருந்து மிரட்டல் வந்தது, அந்தக் கோபத்தில் செய்தது என்றார். பணம் கேட்டுக் கோபப்பட்ட தொழிலாளியை உலகம் கோமாளியாக நினைவில் வைத்துக்கொண்டது. யுகோஸ்லாவியா ஆட்டத்தில் மூன்று கோல் விழுந்ததும் வெளியே எடுக்கப்பட்ட கோல்கீப்பர் கசாடி ம்வாம்பாவும் மசெம்பேக்காரர்தான். மாற்றியதற்குக் காரணம் இன்றுவரை சரியாகத் தெளியவில்லை. அவருக்குப் பின்னால் மேலும் ஆறு கோல் விழுந்தது மட்டும் எல்லோருக்கும் தெரியும். காங்கோ ஆட்டக்காரன் தன் ஆட்டத்துக்குத் தானே பொறுப்பாக முடியாது என்ற பார்வை அன்று கேலியாக வந்தது. தோற்றால் அறியாமை, வென்றால் முதலாளி. இன்று கடும்பியைப் பற்றிய பேச்சாக வருவதும் அதே பார்வைதான் என்பது என் எண்ணம்.

1980இல் கோப்பை வென்றோர் கோப்பை வந்தது. அதன்பின் நீண்ட வறட்சி. இந்த வறட்சிக்குக் காரணம் தேடினால் கடாங்காவின் செம்பில் போய் முட்டுவோம். அரசுச் சுரங்க நிறுவனமான ஜெகாமின் எண்பதுகளின் நடுவில் ஆண்டுக்கு நான்கரை லட்சம் டன்னுக்கு மேல் செம்பு எடுத்தது. 1990இல் கமோட்டோ சுரங்கம் இடிந்தது. 1991இலும் 1993இலும் சம்பளமில்லாத படைவீரர்கள் நகரங்களைச் சூறையாடினார்கள். கடாங்காவில் தலைமுறைகளாக வாழ்ந்த கசாய் மக்கள் ரயிலேற்றி விரட்டப்பட்டார்கள். 1994இல் செம்பு உற்பத்தி பழைய அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சம்பளம் கொடுக்க முடியாத ஊரில் நல்ல ஆட்டக்காரன் எப்படித் தங்குவான்? மசெம்பே விழுந்தது ஒரு புரவலர் இல்லாததால் அல்ல. ஊரே விழுந்தபோது கூடவே விழுந்தது. கழகத்தின் ஏற்ற இறக்கத்தைத் தலைவர்களின் வரிசையோடு பொருத்திப் பார்ப்பதைவிடச் செம்பு விலையோடு பொருத்திப் பார்த்தால் நன்றாகவே பொருந்தும். ஆனால் செம்பு விலைக்கு முகம் கிடையாது, பேட்டி கொடுக்காது, தேர்தலில் நிற்காது.

இனி கடும்பிக்கு வருவோம். 1997இல் தலைவரானார். மசெம்பே அடுத்த ஆப்பிரிக்கப் பட்டத்தை வென்றது 2009இல். பன்னிரண்டு ஆண்டுகள். பணத்தைப் போட்டால் கோப்பை விழும் என்றால் அது மிக மந்தமாகத்தான் விழுந்திருக்கிறது. பணம் போட்டவர்கள் அவர் ஒருவரா? தென்னாப்பிரிக்காவின் சுரங்கக் கோடீசுவரர் பாட்ரிஸ் மொட்செபே மமெலோடி சன்டவுன்ஸ் அணியைக் கையிலெடுத்த பிறகு முதல் ஆப்பிரிக்கப் பட்டத்துக்கு 2016 வரை காத்திருந்தார். சூடானின் ஒம்துர்மான் நகரத்து அல் ஹிலாலுக்குப் பணக்காரப் புரவலர்கள் வந்து போய்க்கொண்டே இருந்திருக்கிறார்கள். 1987, 1992 என இருமுறை இறுதிவரை போன அந்த அணி இதுவரை பட்டம் பார்க்கவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? லுபும்பாஷியிலேயே இன்னொரு பழைய கழகம் உண்டு, ரயில்வேக்காரர்களின் அணியாக வளர்ந்த செயின்ட் எலுவா லுப்போப்போ. அந்த நகரத்தின் பெரிய பகை இந்த இரண்டுக்கும் இடையில்தான். அண்மை ஆண்டுகளில் லுப்போப்போவின் தலைவராக இருந்தவர் ஜாக் கியாபுலா. அவரும் மாகாண ஆளுநராக இருந்தவர். ஆளுநர் நாற்காலியும் கழகத் தலைவர் நாற்காலியும் ஒருவரிடமே இருந்தால் கண்டக் கோப்பை வரும் என்பது விதியானால், அது நகரத்தின் ஒரு பாதியில் மட்டும் ஏன் வேலை செய்கிறது? லுப்போப்போவின் அலமாரிக்கு ஆப்பிரிக்கக் கோப்பை எதுவும் இதுவரை வரவில்லை.

பணம் என்னதான் செய்தது என்று கேட்க வேண்டும். அது ஒரு வேலையைச் செய்தது, பெரிய வேலைதான். ஆட்டக்காரர்களைப் போகவிடாமல் வைத்திருந்தது. ஆப்பிரிக்கக் கழகங்களின் பொதுவான நோய், பத்தொன்பது வயதில் ஒருவன் நன்றாக ஆடினால் இருபதில் அவன் பெல்ஜியத்தின் இரண்டாம் பிரிவு அணி ஒன்றில் குளிரில் உட்கார்ந்திருப்பான். ட்ரெஸோர் ம்புட்டுவை ஆர்செனல் 2007இல் அழைத்துச் சோதித்துப் பார்த்தது. அவர் லுபும்பாஷிக்குத் திரும்பினார். ஆட்டவாழ்வின் சிறந்த ஆண்டுகளை அங்கேயே ஆடித் தீர்த்தார். 2009இல் ஆப்பிரிக்காவில் ஆடும் வீரர்களில் சிறந்தவர் என்ற விருது பெற்றார். அந்த ஆண்டு ஆப்பிரிக்க இறுதியில் நைஜீரியாவின் ஹார்ட்லேண்டிடம் வெளியூரில் 1-2 என்று தோற்று, சொந்த ஊரில் 1-0 என்று வென்று, வெளியூரில் போட்ட ஒற்றைக் கோலின் பலத்தில் மசெம்பே கோப்பையை எடுத்தது. உள்நாட்டில் ஆடும் வீரர்களுக்கு மட்டுமான ஆப்பிரிக்கப் போட்டி முதன்முதலாக நடந்ததும் அந்த ஆண்டில்தான். அதை வென்ற காங்கோ அணியில் மசெம்பேக்காரர்கள் நிறைந்திருந்தார்கள்.

இன்னொரு குற்றச்சாட்டு: வெளிநாட்டு ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கி ஆடும் கூலி அணி. 2015 இறுதியைக் காட்டுவார்கள். அல்ஜியர்ஸ் நகரத்து யூ.எஸ்.எம். அல்ஜேயை 2-1, 2-0 என்று வென்ற அந்த இரண்டு ஆட்டங்களில் கோல் போட்டவர்கள் சாம்பியாவின் ரெயின்ஃபோர்ட் கலாபா, தான்சானியாவின் ம்ப்வானா சமாட்டா, ஐவரி கோஸ்ட்டின் ரோஜர் அசாலே. ஒரு காங்கோக்காரர்கூட இல்லை. சரி. ஆனால் வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். லுபும்பாஷியிலிருந்து சாம்பியாவின் எல்லை கூப்பிடு தூரம், கின்ஷாசா கண்டத்தின் மறுபக்கம். எல்லைக்கு இப்பால் கடாங்காச் செம்பு, அப்பால் சாம்பியாவின் காப்பர்பெல்ட். நிலத்தடியில் ஒரே தாது, மேலே ஐரோப்பியர் போட்ட கோடு. கடாங்காவின் முதல் சுரங்கங்களில் வேலை செய்ய வடக்கு ரொடீசியாவிலிருந்து, அதாவது இன்றைய சாம்பியாவிலிருந்து, ஆள் வந்துகொண்டிருந்தது நூறாண்டுக்கு முந்தைய கதை. பெம்பா பேசுபவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். கலாபா லுபும்பாஷிக்கு வந்தது அந்தப் பழைய பாதையில்தான். ஸ்டோப்பிலா சன்ஸுவும் அப்படியே. 2012 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் ஐவரி கோஸ்ட்டை வீழ்த்தி சாம்பியாவுக்கு முதல் பட்டம் வாங்கித்தந்த கடைசிப் பெனால்டியை உதைத்தவர் சன்ஸு. அப்போது அவர் மசெம்பே வீரர். சமாட்டா தார் எஸ் சலாமிலிருந்து வந்தவர். லுபும்பாஷித் தெருவில் பேசுவதும் ஸ்வாஹிலிதான். கின்ஷாசாவின் லிங்காலா பேசும் பையனைவிட அவருக்கு அந்த ஊர் எளிதாகப் புரிந்திருக்கும். 2015ஆம் ஆண்டுக்கு ஆப்பிரிக்காவில் ஆடும் சிறந்த வீரர் என்ற விருதைப் பெற்ற முதல் கிழக்கு ஆப்பிரிக்கர் அவர். பிறகு பெல்ஜியத்தின் கெங்க், அங்கிருந்து இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா. மசெம்பே அவரை வாங்கியது என்பார்கள். உருவாக்கியது என்று சொல்ல நா எழுவதில்லை. ஐவரி கோஸ்ட் தூரம்தான், அசாலேக்கு என்னிடம் வரைபடம் இல்லை. அதனால் என்ன?

ஐரோப்பாவில் இதே செயலுக்கு என்ன பெயர் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 2010இல் ஐரோப்பியப் பட்டம் வென்ற இன்டர் மிலான், மாட்ரிட் நகரத்து இறுதி ஆட்டத்தைத் தொடங்கியபோது களத்தில் ஒரு இத்தாலியர்கூட இல்லை. அணியின் உரிமையாளர் மாசிமோ மொராட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பில் சம்பாதித்த குடும்பத்துக்காரர், பல ஆண்டுகள் வாரி இறைத்தவர். அந்த வெற்றி யாருடையது? பயிற்சியாளர் மொரின்யோவின் வியூகம், மிலிட்டோவின் இரண்டு கோல், சனெட்டியின் உழைப்பு என்றுதான் எழுதினார்கள். மொராட்டியின் பணம் அடிக்குறிப்பில் இருந்தது. லுபும்பாஷிக்கு வந்ததும் அடிக்குறிப்பு தலைப்பாகிவிடுகிறது.

அந்த இன்டரும் மசெம்பேயும் அதே ஆண்டு டிசம்பரில் அபுதாபியில் நேருக்கு நேர் நின்றன. கழக உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். அதற்கு முன் அந்த இறுதிக்கு ஐரோப்பாவையும் தென் அமெரிக்காவையும் தவிர வேறு கண்டத்து அணி வந்ததே இல்லை. மசெம்பே எப்படி வந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பணவாதம் முழுதாக உடைவது இங்கேதான். விலைமதிப்பற்ற வீரர் ம்புட்டு அணியில் இல்லை. அந்த ஆண்டு கிகாலியில் நடந்த போட்டி ஒன்றில் நடுவரைத் தாக்கியதற்காக அவருக்கும் சக வீரர் கி லுசாடிசுவுக்கும் ஃபிஃபா நீண்ட தடை விதித்திருந்தது. (தண்டனை நியாயமானது. இதில் அணியைக் காப்பாற்றிப் பேச எதுவும் இல்லை.) 2009இல் கோப்பை வாங்கித்தந்த பயிற்சியாளர் தியேகோ கார்சித்தோவும் போய்விட்டார், செனகல்காரர் லமின் ந்ஜாய் வந்திருந்தார். இந்த நிலையில் ஆப்பிரிக்க இறுதியில் துனிசியாவின் எஸ்பெரான்ஸை லுபும்பாஷியில் 5-0 என்று அடித்தார்கள். நடுவர் சரியில்லை என்று துனிசியர்கள் புலம்பினார்கள். புலம்பலில் கொஞ்சம் நியாயம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அபுதாபியில் நடுவர் யாருடைய ஆள்?

அங்கே முதலில் மெக்சிகோவின் பச்சூக்கா. பேடியின் கோலில் 1-0. அரையிறுதியில் பிரேசிலின் இன்டர்நேஷனல், தென் அமெரிக்காவின் சாம்பியன், நான்கு ஆண்டுக்கு முன் இதே கோப்பையை வென்ற அணி. போர்ட்டோ அலெக்ரேயிலிருந்து ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் இறுதி ஆட்டம் பார்க்கத்தான் வந்திருந்தார்கள், அரையிறுதி அவர்களுக்கு ஒரு சடங்கு. முதல் பாதியில் கோல் இல்லை. பிரேசில்காரர்கள் அடித்தடித்துப் பார்த்தார்கள், ரொபேர் கிடியாபா தடுத்துக்கொண்டே இருந்தார். 53ஆம் நிமிடத்தில் கபாங்கு ஒரு கோல். 85ஆம் நிமிடத்தில் கலுயிட்டுகா இன்னொன்று. கிடியாபா புல்லில் உட்கார்ந்து, கால்களை நீட்டி, பின்புறத்தால் துள்ளித் துள்ளி நகர்ந்தார். அந்தத் துள்ளலை உலகம் முழுக்கப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்கு முன் தொண்ணூறு நிமிடம் அவர் செய்த வேலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. விதிவிலக்காகப் பேசியவர்கள் போர்ட்டோ அலெக்ரேயின் மற்றொரு கழகமான கிரேமியோவின் ரசிகர்கள். இன்டர்நேஷனல் ஆட்களைச் சீண்ட இன்றும் அவர்கள் எடுக்கும் ஆயுதம் மசெம்பேயின் பெயர். அந்தக் கேலியில் கடும்பி இல்லை, கிடியாபாதான் இருக்கிறார். எதிராளியின் வீட்டில் வரலாறு சில சமயம் சரியாகப் பதிவாகிறது.

இறுதியில் இன்டர் மிலானிடம் 0-3. இரண்டாவது கோலைப் போட்டவர் கமரூனின் சாமுவேல் எட்டோ.

பணவாதத்தின் தம்பி அதிகாரவாதம். ஆளுநரின் அணி என்பதால் எல்லாக் கதவும் திறந்தன என்பது. அப்படியானால் 2011இல் என்ன நடந்தது? தகுதியில்லாத வீரர் ஒருவரைக் களமிறக்கியதாகப் புகார். நடப்புச் சாம்பியனை, இருமுறை தொடர்ந்து வென்ற அணியை, ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு போட்டியிலிருந்தே வெளியேற்றியது. ஆளுநர் நாற்காலியில் அப்போது கடும்பிதான் இருந்தார். அதைவிட வலுவான சான்று அவர் நாற்காலியை இழந்த பிறகு நடந்தவை. 2015 செப்டம்பரில் அதிபர் கபிலாவின் அரசிலிருந்து விலகினார். அதே ஆண்டு நவம்பரில் மசெம்பே ஐந்தாவது சாம்பியன் பட்டத்தை வென்றது. 2016 மே மாதம் நாட்டைவிட்டு வெளியேறினார். அவர் இல்லாமலே வழக்கு நடந்து சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2019 மே மாதம்தான் லுபும்பாஷி மண்ணில் மறுபடி கால் வைத்தார். இந்த மூன்று ஆண்டு இடைவெளியில், நாட்டின் அதிகாரம் முழுவதும் தலைவருக்கு எதிராக இருந்தபோது, மசெம்பே 2016இல் அல்ஜீரியாவின் பெஜாயாவை வென்று கான்ஃபெடரேஷன் கோப்பையை எடுத்தது. 2017இல் பிரிட்டோரியாவின் சூப்பர்ஸ்போர்ட் யுனைடெட்டை வென்று அதைத் தக்கவைத்தது. இரண்டாம் முறை பயிற்சியாளர் யார்? பம்ஃபில் மிஹாயோ. அபுதாபிக்குப் போன அணியின் நடுக்கள ஆட்டக்காரர். வெளிநாட்டிலிருந்து யாரையும் தேடவில்லை. கழகத்திலேயே வளர்ந்தவர் கழகத்தை நடத்தினார். வெளியிலிருந்தபடி கடும்பி பணம் அனுப்பியிருப்பார் என்று சொல்லலாம், அனுப்பியும் இருக்கலாம். ஆனால் பாதுகாப்பு, மைதானம், பயணம், வரி என்று எதிலும் அரசு தொல்லை தரக்கூடிய நிலையில் இருக்கும் ஒரு கழகம் வென்றால் அதை அதிகாரத்தின் வெற்றி என்று எப்படிச் சொல்வது?

ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். கடும்பி கழகத்தைத் தன் அரசியலுக்கு ஏணியாக்கினார். கறுப்பு வெள்ளைச் சட்டை மாகாணத்தில் ஓட்டாக மாறியது. 2023 அதிபர் தேர்தலில் சுமார் பதினெட்டு விழுக்காடு வாக்கு பெற்று இரண்டாவதாக வந்தார். அதில் கால்பந்துக்குப் பங்கில்லை என்று நம்புவதற்கு அசாத்திய நம்பிக்கை வேண்டும். ஒரு கழகம் இவ்வளவு காலம் ஒரே மனிதரின் கையில் இருப்பது ஆரோக்கியமும் அல்ல. அவர் சலித்துப்போனால், சிறைக்குப் போனால், செத்துப்போனால் கணக்குப் புத்தகம் என்ன ஆகும் என்ற கேள்வி லுபும்பாஷியில் எல்லோருக்கும் உண்டு. ஆண்கள் அணி 2017க்குப் பிறகு கண்டக் கோப்பை எதையும் வெல்லவில்லை என்பதும் உண்மை. ஆனால் இவையெல்லாம் கடும்பியைப் பற்றிய குறைகள். கழகத்தால் அவர் என்ன சம்பாதித்தார் என்ற கேள்விக்கான பதில்கள். “கழகத்தை அவர்தான் உண்டாக்கினார்” என்பதற்கு இவை சான்று ஆகாது. சொல்லப்போனால் எதிர்ச் சான்று. ஏற்கெனவே உயரமாக நின்ற ஒன்றின்மேல்தானே ஏணி சாத்த முடியும்?

ஆண்கள் ஓய்ந்த இடத்தில் பெண்கள் வந்தார்கள். 2024 நவம்பரில் மொராக்கோவில் நடந்த ஆப்பிரிக்க மகளிர் சாம்பியன்ஸ் லீக் இறுதியில், மொராக்கோவின் ராணுவ அணியான ஏ.எஸ். ஃபாரை அதன் சொந்த மண்ணிலேயே மசெம்பே மகளிர் அணி 1-0 என்று வென்றது. பயிற்சியாளர் லமியா பூமெஹ்டி, அவரும் மொராக்கோக்காரர். ஒற்றைக் கோல் பெனால்டியில் வந்தது. போட்டவர் மார்லேன் கசாஜ்.